குனிந்தால் நிமிரவிடாத உடை

நேராக நின்றால் ஒரு குறையும் இல்லை. குனிந்தால்தான் குப்புறக் கவிழ்ந்தாள். அதன்பின் என்ன முட்டி மோதினாலும் நிமிர முடியவில்லை. ஏன் என்று, விண்வெளிப் பயணத்துக்குத் தேர்வாகியிருந்த அந்த வெல்டருக்குப் பிடிபடவே இல்லை.

விண்வெளியில் மிதந்தபடி வேலை செய்யப் பழகுவதற்காகக் கட்டிய ஆழமான தண்ணீர்த் தொட்டி அது. காற்று நிரம்பிய உடை தானாக மேலே வரப் பார்க்கும். அதனால் ஆளை நேராக நிறுத்தி, உடையின் மார்பிலும் முதுகிலும் கணுக்காலிலும் ஈயக்கட்டிகளைச் செருகி, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிறுத்துவார்கள். பயணக் குழுவில் மற்ற ஐந்து பேரும் அதன்பின் மீன்போலத் திரும்பினார்கள். குழுவுக்கு விதவிதமான ஆட்கள் வேண்டும் என்று தேடித்தேடி எடுத்திருந்தார்கள். அவர்களில் இவள்தான் குள்ளம்.

இரண்டு தேர்வில் தோற்றாயிற்று. நாளை கடைசித் தேர்வு. அதிலும் கவிழ்ந்தால் பயணத்தில் அவள் இடம் இன்னொருவருக்கு. உடம்பில் பலம் போதவில்லை என்று பயிற்சியாளர் எழுதிவிட்டார். அவளும் அதை நம்பி ஆறு மாதம் இரும்பு தூக்கினாள். "ராக்கெட்ல போகப்போறியா, ராக்கெட்டைத் தூக்கப்போறியா?" என்று அவள் அக்காகூடக் கேலி செய்தாள்.

இன்று ஒத்திகை. ஒரு நட்டைத் திருகக் குனிந்தாள், கவிழ்ந்தாள். உடைக்குள் நுழையும் முதுகுப்பக்கக் கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. காற்றழுத்தத்தில் விறைத்த கைகள் சோளக்கொல்லைப் பொம்மையின் கைகள்போல விரிந்து நின்றன. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்க வழியில்லை. வழக்கம்போல நீச்சல் வீரர்கள் இருவர் அவளை நிமிர்த்த வந்தார்கள்.

"அண்ணே, அவங்களைத் தொட வேணாம்னு சொல்லுங்க. இப்படியே கொஞ்ச நேரம் விடுங்க," என்றாள் மைக்கில்.

மேலே கரையில் இருந்தவர் உடை பொருத்துபவர். மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார். முட்டத்தான் செய்கிறது, இருந்தாலும் விடுங்கள் என்றாள்.

அசையாமல் கிடந்தபோதுதான் கவனித்தாள்: மூக்கு முகக்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. நிற்கும்போது நான்கு விரல் இடைவெளி இருக்குமே! மல்லாக்கத் திருப்பச் சொன்னாள். பின்மண்டை போய் இடித்தது.

"அண்ணே, இது உடை இல்ல, வீடு. இன்னொருத்தரை வாடகைக்கு வைக்கலாம்."

"என்னம்மா பண்றது, இருக்கிறது இந்த ஒரே அளவுதான். முன்னாடி போனவங்க எல்லாம் ஆறடி ஆளுங்க."

"அதான் விஷயம். எனக்குப் பலம் இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள நான் உருளுறேன்."

பெட்டிக்குள் இரும்புக் குண்டைப் போட்டுச் சாய்த்தால் குண்டு சாய்ந்த பக்கம் ஓடும். பெட்டியும் அந்தப் பக்கமே விழும். நிற்க வைத்துச் சரிபார்த்த ஈயக் கணக்கு, அவள் குனிந்து உடம்பு மார்புப்பக்கம் சரிந்த நொடியில் பொய்யாகிவிடுகிறது. ஆறடிக்காரர்கள் உடையை நிறைத்திருந்ததால் அவர்களுக்கு இந்தச் சிக்கலே தெரியவில்லை.

இடைவெளியில் நுரைப்பஞ்சை அடைக்கலாமா என்று கேட்டாள். நுரை மிதக்குமே, இன்னும் ஈயம் வேண்டியிருக்குமே என்று அவர் தயங்கினார்.

"உள்ள இருக்கிறது காத்தா நுரையான்னு தண்ணிக்கு எப்படிண்ணே தெரியும்? உடை எவ்வளவு இடத்தை அடைக்குதோ, அதுதான் அதுக்குக் கணக்கு. காத்தைவிட நுரை கனம். ஈயத்தைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும்."

அவர் அளவு நாடாவைத் தேடப் போனார்.

மறுநாள் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் குனிந்து பன்னிரண்டு நட்டுகளையும் திருகினாள். பிறகு யாரும் தொடாமல் நிமிர்ந்தாள். மார்புக்கு முன்னால் நான்கு விரல் கனம், முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல் கனம், இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை என்று நுரைப்பஞ்சை அடைத்து, ஒரு சின்ன ஈயக்கட்டியைக் கழற்றியிருந்தார்கள். உடம்பு உள்ளே உருளாததால் உடையும் கவிழவில்லை.