மொத்தப் பிரதியும் கேட்ட ஆள்

புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல் வாங்குகிறவனை நம்பக் கூடாது என்பது ஓவியாவின் கட்சி. அன்று மத்தியானம் மேற்குத் தாம்பரத்தில் அவளுடைய ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்த வெள்ளைச் சட்டைக்காரர் அப்படித்தான் வாங்க வந்தார். 'தண்ணி போன வழி' என்ற படக்கதையை எடுத்தார். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"இது எத்தினி கீதோ அத்தினியும் கட்டிக் குடும்மா" என்றார்.

ஓவியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பின்னே? ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அலமாரி. அதில் பெரிய கடைக்காரர்கள் சீந்தாத சின்னப் பதிப்பகங்களின் புத்தகங்கள், தனி ஆட்கள் சொந்தமாக வரைந்து அச்சடித்த படக்கதைகள். ஆதார் கார்டு நகலெடுக்க வந்தவரை நிறுத்திவைத்து, "சார், இதுல ஒரு சவப்பெட்டி செய்யறவர் வர்றாரு, படிச்சா விட மாட்டீங்க" என்று கதை சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவாள். பாதிப் பேர் அவள் தொல்லை தாங்காமல் வாங்குவார்கள். இந்தப் படக்கதையை மட்டும் எவ்வளவு தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியும் யாரும் தொடவில்லை. அப்படிப்பட்ட சரக்கை ஒருத்தர் மொத்தமாகக் கேட்டால் சந்தேகம் வராதா?

"கொஞ்சம்தான் சார் இருக்கு. மத்ததெல்லாம் வித்துப்போச்சு" என்று கூசாமல் புளுகினாள். மேஜைக்கடியில் கட்டு கட்டாக இருந்ததைக் காலால் உள்ளே தள்ளினாள்.

"அப்போ இத வரைஞ்ச ஆளு போன் நம்பரு குடு. வூடு எங்கன்னு சொல்லு."

"தெரியாது சார். கொரியர்லதான் அனுப்புவாங்க."

அவர் எடுத்த புத்தகத்தைத் திரும்ப வைத்து, அதன் மேல் ஒரு விசிட்டிங் கார்டையும் வைத்துவிட்டுப் போனார். குமரேசன், சிட்டிபாபு அண்டு சன் புரொமோட்டர்ஸ். அதைப் படித்ததும் ஓவியா ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

ஏனென்றால் அந்தப் படக்கதையே சிட்டிபாபுவைப் பற்றியதுதான். பெரியேரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ஓடிப்போக ஒரு கால்வாய் இருந்தது. ஏரியைக் காக்க வேண்டிய சங்கத்தின் தலைவரே அந்தக் கால்வாயைத் தூர்த்து, கல் நட்டு, மனை மனையாக விற்றார். ஒரு டிசம்பர் மழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் வந்தது. அதில் கழுத்தளவு தண்ணீரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் வெற்றிவேலின் அம்மாவும் ஒருத்தி. அவன்தான் வரைந்தவன். புத்தகத்தில் தலைவரின் பெயரை மாற்றியிருந்தான். ஆனால் முகத்தை மாற்றவில்லை, மகா புத்திசாலி! அட்டையில் ஏரிக்கரை மேல் தோளில் துண்டும் முறுக்கிய மீசையுமாக, அச்சு அசல் சிட்டிபாபு நின்றிருந்தார்.

ஓவியா அஸ்தினாபுரத்தில் இருந்த வெற்றிவேலுக்குப் போன் போட்டாள்.

"மாட்டிக்கிட்டோம் வெற்றி. அவர் பையனே வந்துட்டுப் போறான். மொத்தத்தையும் வாங்கிக் கொளுத்தப் போறாங்க."

"நான் எங்க இருக்கேன்னு சொன்னியா?"

"லூசா நான்?"

"கொளுத்துனா கொளுத்தட்டும்க்கா. இதுவரைக்கும் எத்தனை பேர் படிச்சாங்க? இதுவும் போகலன்னா நான் வரையறதையே விட்டுடுவேன்" என்றான். வீறாப்பாகச் சொன்னானே தவிர, அன்றைக்கே கூடுவாஞ்சேரியில் ஒரு சிநேகிதன் அறைக்குப் போய்ப் பதுங்கிக்கொண்டான்.

கொளுத்துவதைவிட அவன் விட்டுவிடுவதுதான் ஓவியாவுக்குப் பெரிய பயமாக இருந்தது. அவள் அலமாரிக்கு வந்த அத்தனை பேரிலும் இவன் ஒருத்தன்தான் இந்தத் தெருக்களை இந்தத் தெருக்களாகவே வரைந்தவன். அவனைப் படிக்க ஆள் பிடித்தே தீருவது என்று சபதம் எடுத்திருந்தாள். இப்போது என்னடாவென்றால், கட்டுகளைத் துணிப்பையில் போட்டு வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்துவிட்டு, கடை வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கடையில் டீ குடிக்கிறவன்கூட வேவு பார்க்கிறவனாகத் தெரிந்தான்.

அடுத்த வாரம் கார் வந்தேவிட்டது. குமரேசனும், தடியாக இரண்டு பேரும் இறங்கினார்கள். ஓவியா ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்த தடியர்களில் ஒருவன் வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டை மெஷின் மேல் வைத்தான். நடுவில் ஒரு பத்திரிகை.

"எங்கப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம்மா. குன்றத்தூர் மலமேல முருகன் கோயில்ல பூஜ முடிச்சிட்டு, கீழ மண்டபத்துல விருந்து. குடும்பத்தோட வந்துடணும்" என்றார் குமரேசன். "அந்த புக்கு விஷயமாத்தான் வந்தோம். தாம்பூலப் பையில எல்லாரும் தேங்காயும் எவர்சில்வர் டப்பாவும்தான் போடறாங்க. எங்கப்பா ஏரிச் சங்கத்துல எத்தினி வருஷம் தலைவரு! அவுரப் பத்தி ஒரு புக்கே கீதுன்னு நம்ம ஆளு ஒர்த்தன் சொன்னான். வந்து பாத்தா, இன்னா கம்பீரமா நிக்கிறாரு! வர்றவங்க எல்லாருக்கும் ஒண்ணு குடுக்கணும். பத்தலன்னா இன்னும் அடிச்சித் தரச் சொல்லு. வரைஞ்ச தம்பிக்கு மேடையில சால்வ போத்தணும்."

ஓவியா அவர் முகத்தையே பார்த்தாள். நம்ம காதில் பூ சுற்றுகிறானா? கொளுத்தப் போகிறவன் இன்னும் அடித்துத் தா என்று கேட்பானா?

"உள்ள படிச்சீங்களாண்ணா?" என்றாள் மெதுவாக.

"அட்டதான் பாத்தனே. கல்யாண வேலையில புக்கு படிக்க நேரம் ஏதும்மா? நல்லாத்தான எழுதிகிறாங்க?"

ஜெராக்ஸ் எடுக்க வந்தவரைக்கூட நிறுத்திக் கதை சொல்லாமல் விடாத அந்த வாய், அன்றைக்கு மூடிக்கொண்டது. சொன்னால் அத்தனையும் குப்பைக்குப் போகும். சொல்லாவிட்டால் விருந்துக்கு வருகிறவர்களோடு கால்வாய் மேல் குடியிருக்கிற அத்தனை வீட்டுக்கும் வெற்றிவேலின் கதை போய்ச் சேரும். அவனும் வரைவான்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள். "மீதியும் இருக்கு. நாளைக்குக் கட்டி வைக்கிறேன்."

குமரேசன் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

கல்யாணத்தன்று வெற்றிவேல் வர மாட்டேன் என்று ஒரே அடியாக அடித்துவிட்டான். ஓவியா மட்டும் போனாள். போகாமல் எப்படி? யார் திறக்கிறார்கள், யார் முகம் மாறுகிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். சாப்பாட்டுக்கு உட்காராமல் தூணோரமாக நின்றுகொண்டாள்.

வாசலில் குமரேசன் தன் கையாலேயே பை கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். புத்தகத்தை எடுத்து விசிறிக்கொண்டார்கள். நாற்காலியில் எண்ணெய் சிந்தியிருக்கிறதென்று புத்தகத்தைப் போட்டு அதன் மேல் ஒருத்தர் உட்காரவும் செய்தார். ஒருத்தராவது திறக்க வேண்டுமே! ஓவியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திறந்தது ஒரே ஒருத்தர்தான். மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சிட்டிபாபு. ஆரத்தித் தட்டு வர நேரமானதால், பக்கத்தில் கிடந்த பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தவர், கடைசிப் பக்கம் வரைக்கும் போனார். நிமிர்ந்து பார்த்து, கடைக்கு வந்திருந்த தடியர்களில் பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ கேட்டார். அந்த ஆள் தூணோரம் நின்ற ஓவியாவைக் கை காட்டினான். சிட்டிபாபு வரச் சொல்லித் தலையசைத்தார்.

மேடையேறினாள் ஓவியா. அறை விழும் என்று கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் அவர் கத்தவில்லை.

"இன்னாம்மா, நீதான் வித்தியா?"

"ஆமா சார்."

"உள்ள இன்னா கீதுன்னு எம்புள்ள கேக்கல. நீயும் சொல்லல."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் அப்டித்தான் வித்தேன். எடம் எப்டின்னு ஒர்த்தன் கேக்கல, நானும் சொல்லல. என்னப் போயி புக்கு போட்டுக்கினீங்க." சிட்டிபாபு புத்தகத்தை மடியில் போட்டார். "இத நிறுத்தச் சொல்லுவேன்னு பாக்கிறியா? மாட்டேன். நிறுத்தினா இன்னாதான் கீதுன்னு ஊரே படிக்கும். குடுத்துக்கினே இருந்தா ஒரு பய தொறக்க மாட்டான். போ, போயி சாப்பிடு."

சாப்பிடுவதாவது! அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. அந்த ஆளும் தானும் ஒன்றா என்று ஆத்திரமாக வந்தது. ஒன்றுதானே என்று உள்ளுக்குள் பதிலும் வந்தது. படியிறங்கி நேராக வாசலுக்குப் போனாள்.

"அண்ணா, உங்ககிட்ட நான் ஒண்ணு மறைச்சிட்டேன். இந்தப் புக்குல உங்கப்பாவைப் புகழ்ந்து எழுதல. தண்ணி போற கால்வாயை வித்தவர் அவர்தான்னு எழுதியிருக்கு. தெரிஞ்சேதான் கொடுத்தேன். தப்பு என்னோடது."

குமரேசன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். நடுப்பக்கத்தை விரித்தால் பெரிய வரைபடம் ஒன்று இருந்தது. பழைய கால்வாய் நீலத்தில், அதன் மேல் இன்றைய தெருக்கள், ஒவ்வொரு வீடும் தனித்தனிக் கட்டமாக. அவர் விரல் அந்த நீலத்தோடேயே போயிற்று. ஓரிடத்தில் நின்றது. அதற்கப்புறம் அவர் யாருக்கும் பை கொடுக்கவில்லை.

"இன்னாபா, அவுருக்குக் குடுத்தே, எங்களுக்கு இல்லியா?" என்று வரிசையில் ஒரு குரல்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல, திடீர்னு நிறுத்திட்டாரு?" என்று இன்னொரு குரல்.

விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியைத் திறந்தார்கள். நாற்காலிக்காரர் எழுந்து, கீழே இருந்ததை உருவினார். ராஜகோபாலன் என்று ஒரு ரிட்டையர்டு ரயில்வேக்காரர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது நம்ம மூணாவது தெரு. இதோ, இது என் வீடு. நீலத்துக்கு மேலேயே இருக்கே!" என்றார். "எங்க வீடு எங்கே, எங்க வீடு எங்கே" என்று மண்டபம் முழுக்கத் தலைகள் குனிந்தன. பந்தியில் பாயசம் வாளியோடு நின்றவன் யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் நின்றான்.

ஓவியா ஆசைப்பட்டது இதற்குத்தான். இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரு படக்கதையைப் படித்து அவள் பார்த்ததில்லை. உடனே வெற்றிவேலுக்குப் போன் போட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஆனால் புத்தகத்தை விரித்தபடியே மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த குமரேசனின் முதுகைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷப்பட வரவில்லை.

குமரேசன் அப்பாவின் முன்னால் வரைபடத்தை நீட்டினார். நீலத்துக்கு வெளியே, சரியாக ஓரம் விலகி, மேட்டில் இருந்த ஒரே ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபத்துக்கே கேட்டது.

"அந்த டிசம்பர்ல தெருவே முழுவிப் போச்சு. நம்ம வூட்டுப் படி மட்டும் நனையல. முருகன் காப்பாத்துனான்னு இதே மலையில நான் மொட்ட அடிச்சிக்கினேன். நீ கூடவே நின்னு சந்தனம் பூசிவுட்டியே நைனா?"