நான்காம் இடத்து ஸ்டென்கா

‘டபார்’ என்று மட்டை மோதிய சத்தம் டன்லீ மைதானத்தின் கடைசி பெஞ்சு வரை கேட்டது. பந்து வேலியைத் தாண்டிச் சோளக்காட்டில் விழுந்தது. அடித்தவர் ராய் ஸ்டென்கா. அவரை முந்தைய ஞாயிறுதான் அடக்கம் செய்திருந்தார்கள்.

தவறு மேனேஜர் ஹார்லன் வாஸுடையது. ஐயோவாவின் அந்தச் சின்ன பேஸ்பால் அணிக்கு வருடக்கணக்காக யாருக்குப் பின் யார் அடிப்பது என்று மட்டை வரிசை எழுதிய கை, நான்காம் இடம் வந்ததும் பழக்கத்தில் ஸ்டென்கா என்று எழுதிவிட்டது. நடுவரிடம் கொடுத்த பிறகுதான் உறைத்தது. மாற்றாளை அனுப்ப எழுந்தார். அதற்குள் ஸ்டென்கா வழக்கமாகக் காவல் நிற்கும் முதல் பேஸில் அவர் கையுறை அந்தரத்தில் விரிந்து பந்துக்குக் காத்திருந்தது. வாஸ் உட்கார்ந்துவிட்டார்.

முன்னால் அடித்துவிட்டுப் பாதி வழியில் பேஸ்களில் நிற்பவர்களை, தன் அடியால் புறப்பட்ட இடத்துக்கே ஓடவைத்து ஓட்டமாக்குவது நான்காமவன் வேலை. பெரிய அணிகளிலிருந்து ஆள் பார்க்க வருபவர்கள் அவனைத்தான் பார்ப்பார்கள். ஸ்டென்காவுக்குப் பின் அந்த இடம் தனக்குத்தான் என்று ஐந்தாமவன் லைல் பெர்க்விஸ்ட் நம்பியிருந்தான். இந்த வருடமும் மேலே போகாவிட்டால் மாமனாரின் தீவனக் கடையில் மூட்டை தூக்க வேண்டும். மனைவி ஓபல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் அன்று ஜெயித்துத் தொலைத்தார்கள். ஜெயித்த வரிசையில் கை வைக்கக் கூடாது என்பது பேஸ்பால்காரர்களின் சாத்திரம். தோற்கும்வரை காலுறையைக்கூடத் துவைக்க மாட்டார்கள்.

“செத்தவனுக்கு என்ன பாஸ் அவசரம்? எனக்கு முப்பத்தொண்ணு ஆகுது,” என்றான் லைல்.

“அவன் அடிக்கிறானா, இல்லையா?”

“அடிக்கிறான்.”

“அப்புறம் என்னடா? போய்க் கையுறையை மாட்டு.”

ஜூலையில் பெரிய அணியிலிருந்து ஒருவர் வந்தார். ஸ்டென்காவின் வீச்சை வாயாரப் புகழ்ந்தார், வயதை விசாரித்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். லைலின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஸ்டென்காவுக்குக் கை தடுமாறியது. வளைந்து வரும் பந்துகளுக்கெல்லாம் மட்டை காற்றைத்தான் வெட்டியது. “ஏய் ஸ்டென்கா, குழியிலயே கிடந்திருக்கலாமேடா!” என்று ஜனங்கள் கூவினார்கள், உயிரோடிருந்தபோதும் அவரை இப்படித்தான் ஏசினார்கள். அணி தோற்கத் தொடங்கியது. வாஸ் முதலாமவனை ஏழாவதுக்குத் தள்ளினார், எட்டாமவனை இரண்டாவதுக்கு ஏற்றினார், நன்றாக அடித்துக்கொண்டிருந்த லைலைக்கூட ஆறாவதுக்கு இறக்கினார். நான்காம் இடத்தை மட்டும் தொடவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று லைல் அவர் அறைக்குள் நுழைந்தான்.

“இன்னிக்கு ஒரு நாளாவது குடுங்க பாஸ். நாளையிலேர்ந்து நான் மூட்டை தூக்கப் போறேன். அவன் பந்தைத் தொட்டே மூணு வாரம் ஆச்சு. உங்களுக்குக் கண்ணு தெரியலையா?”

“தெரியுது.”

“அப்போ கீழே இறக்குங்க! செத்த பய கோவிச்சுக்கவா போறான்?”

வாஸ் நான்காம் இடத்தில் அதே பெயரை எழுதி முடித்துவிட்டுத்தான் தலைநிமிர்ந்தார்.

“இறக்கினா, தான் செத்துட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சு போயிடும்டா.”