நீர்மாலைக்கு வந்த கடல்

பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவின் தலையில் கருத்தம்மா அத்தை சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தது தன் கேனிலிருந்த தண்ணீர் என்பது வேல்விழிக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, வாயகன்ற கேனை வாசலில் வைத்துவிட்டு அப்பாவின் காலில் விழுந்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அத்தை, அது..."

"தெரியும் தாயி. ராமேசுவரத்துத் தீர்த்தம். நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்ட லாரித் தண்ணியத்தான் வச்சிருந்தோம். எங்கண்ணன் குடுத்து வச்சவரு."

ராமேசுவரத்தை ஒட்டிய மண்டபம் ஊரிலிருந்து ஒருத்தி கேனோடு சாவு வீட்டுக்கு வந்தால், திருப்பூருக்குப் பிழைக்க வந்த ராமநாதபுரத்துச் சனம் வேறென்னதான் நினைக்கும்? ஆனால் அது தீர்த்தமில்லை, ஆராய்ச்சிக்கூடத்துத் தொட்டித் தண்ணீர். உலகத்துப் புகையெல்லாம் கரைந்து நாளைய கடல் எவ்வளவு புளித்துப் போகுமோ, அந்த அளவுக்குப் புளிக்க வைத்த கடல். அதன் அடியில் ஓர் ஓட்டுத்துண்டும், அதில் மிளகளவு பவளக்குஞ்சும் இருந்தன. அந்தப் புளிப்பில் பவளம் எலும்பு கட்டுவது பெரும்பாடு. வருடா வருடம் குஞ்சுகள் ஒட்டும், பிறகு ஒன்றும் மிஞ்சாது. இந்த வருடம் இது ஒன்று கட்டிவிட்டது.

அப்பா சோணைமுத்து இளவட்டத்தில் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பவளப்பாறை வெட்டி அள்ளியவர். தடை வந்தபின் திருப்பூருக்கு வந்து, சாயப்பட்டறை பாய்லருக்கு விறகு தள்ளினார். "கடலை வெட்டியும் தின்னாச்சு, புகைய விட்டும் தின்னாச்சு. நீயாச்சும் ஒண்ணே ஒண்ண முளைக்க வையி தாயி" என்பார். முளைத்ததை அவரிடம் காட்டிவிட்டு, அதைக் கோவை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக இருந்தாள். தாராபுரம் தாண்டும்போது அவர் போய்விட்டதாகப் போன் வந்துவிட்டது.

அத்தை மிச்சத்தையும் ஊற்றக் கேனைத் தலைகீழாகச் சாய்க்கப் போனாள். வேல்விழி பதறி எழுந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ராமுத்தாய் எட்டி அத்தையின் கையைப் பிடித்தாள்.

"வழிச்சு ஊத்தாத கருத்தம்மா. எந்தப் பாத்திரத்தையும் துடைச்சு ஊத்தப்படாது."

வேல்விழி கேனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அடியில் கையளவு தண்ணீர் நின்றது. வெயில் படாமல் துப்பட்டாவால் மூடி, துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். குஞ்சு சுருங்கிக் கிடந்தது. அப்பாவுக்குப் புது வேட்டி கட்டி முடிக்கிற வரையில் அவள் அசையவில்லை. பிறகு, மெல்ல, மயிரிழை போன்ற கைகள் ஒவ்வொன்றாக வெளியே நீண்டன.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சாவு வீடென்பதே மறந்துபோகிற அளவுக்குச் சந்தோஷம்.

வாடகை வீட்டின் சொந்தக்காரம்மா குழந்தையம்மாள் பதறினார். "ஏனுங்க ராமுத்தா, புள்ளைக்கு என்னாச்சுங்க?"

ராமுத்தாய் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "இதா? இம்புட்டுக்காண்டா?"

"இம்புட்டுதாம்மா. அந்தத் தண்ணியிலயும் எலும்பு கட்டிருச்சும்மா."

ராமுத்தாய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"அவரு கேட்டது வந்துருச்சு. ஒப்பாரிய நிறுத்திட்டு எல்லாரும் வந்து பாத்துட்டுப் போங்க."

அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, பெண்கள் ஒவ்வொருவராகத் துப்பட்டாவுக்குள் தலையை நுழைத்தார்கள். பாடையைத் தூக்க வந்தவர்கள் தெருவிலேயே காத்து நின்றார்கள்.