மூன்றில் மூன்று போனால்

செவ்வாய்க்கிழமை வந்த புதிய குடும்ப அட்டையில், நபர்கள் என்ற இடத்தில் இரண்டு என்று போட்டிருந்தது. இரண்டின் வலப்பக்கத் தோள்மேல் சின்னதாக ஒரு மூன்று. மறுநாள் காலையில் வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். நான் நான்கு பேர். என் மனைவி அங்கயற்கண்ணி நான்கு பேர்.

நான்கு அங்கயற்கண்ணிகளும் அடுக்களையில் வேலையாக இருந்தார்கள். நான்கு நான்களும் உட்கார்ந்து பேப்பர் படித்தோம். ஒரே பேப்பர்தான். ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டோம்.

நான் தாலி கட்டியவளுக்கு மட்டும் கையில் தீக்காயத் தழும்பு இருந்தது. அவள்தான் அட்டையைப் பார்த்துச் சொன்னாள். "இது அடுக்கு. ரெண்ட மூணு தடவ எழுதிப் பெருக்கணும். ரெண்டு ரெண்டு நாலு, நாலு ரெண்டு எட்டு."

அவள் பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு. நான் முப்பத்தைந்து. இதை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

ரேஷன் கடைக்காரர் அட்டையை வாங்கி, "ரெண்டு மூணு ஆறு. ஆறு பேருக்குத்தான் அரிசி" என்றார்.

"வீட்ல எட்டுப் பேரு இருக்கோம் அண்ணாச்சி."

"அப்போ ரெண்டு பேரு கூடுதல். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க."

"எந்த ரெண்டு பேர?"

"வாசல் பக்கம் யாரு நிக்காங்களோ அவங்கள."

எங்கள் வீட்டில் வாசல் பக்கம் அடிக்கடி போய் நிற்பவள் அங்கயற்கண்ணி. எனக்காகத்தான் நிற்பாள்.

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் அடுக்கு நீக்கும் அலுவலகத்துக்குப் போனோம். மற்ற ஆறு பேரையும் பின்கட்டில் உட்காரச் சொல்லியிருந்தோம். அலுவலக நடையில் முதலில் இரண்டு கதவுகள் இருந்தன. கொஞ்ச தூரத்தில் நான்கு. பிறகு எட்டு. கதவுகளுக்கு இடம் போதாததால் நடை நீண்டுகொடுத்தது. ஆயிரத்து இருபத்து நான்காவது கதவில்தான் ஆள் இருந்தார். ஸ்டெல்லா என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஓர் அம்மா புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேலே இருக்க மூணு வேண்டாம் மேடம். எடுத்துருங்க" என்றேன்.

"எடுக்க முடியாது. வகுக்கத்தான் முடியும். வகுத்தா அடுக்குல கழியும். எத்தன கழியணும்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பேனாவைத் திறந்தேன். அங்கயற்கண்ணி என் முழங்கையைத் தொட்டாள். "ரெண்டுன்னு எழுதுங்க. மேல ஒண்ணு இருக்கட்டும். ஒண்ணு இருந்தாத்தான் நாம ரெண்டு பேரா இருப்போம்."

"ஆபீஸ்ல வந்து வாயத் தொறக்காத. சும்மா இரு" என்றேன்.

அவள் சும்மா இருந்தாள். நான் மூன்று என்று எழுதினேன். மேலே எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையாலும் கெட்டேன்.

ஸ்டெல்லா மேடம் கை கழுவிவிட்டு வந்து முத்திரை குத்தினார். "மூணுல மூணு போனா சைபர். ரெண்டு மேல சைபர். எது மேல சைபர் வந்தாலும் ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒரு ஆளு."

"நாங்க ரெண்டு பேரு மேடம்."

"இருந்தீங்க. மனு போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன். யோசிக்கவில்லை. எங்கே யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன். சொன்ன பிறகுதான், மிஞ்சப்போகிற ஒரு ஆள் யார் என்று கேட்டிருக்கிறார் என்பது புரிந்தது.

அங்கயற்கண்ணி தோளில் கிடந்த பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "ஒரு ஆளுக்கு அரை ஆழாக்கு அரிசி போதும். கூடப் போட்டுராதீங்க" என்றாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பை என் கையில் இருந்தது. பையைக் கொடுத்த கை இல்லை.



"மேடம், பழையபடி மூணு போட்டுருங்க. எட்டுப் பேராவே இருந்துக்கிறோம்."

"மூணென்ன, நூறுகூடப் போடலாம்" என்றார் அவர். "ஆனா இப்போ கீழ இருக்கது ஒண்ணுல்லா. ஒண்ண எத்தன தடவ பெருக்குனாலும் ஒண்ணுதான்."

நூறு போடச் சொன்னேன். போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். பின்கட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.