கடை வாசலில் ஓர் இடைவெளி

வண்டிகள் நுழையாமலிருக்க, நகராட்சி வேலையாகச் சைக்கிள் பாதையோரம் நான் நட்ட கம்பங்களில், தன் டயர் கடைக்கு எதிரே இருந்ததை மட்டும் மச்சான் கடப்பாரையால் பிடுங்கி எறிந்தார். கான்கிரீட் இன்னும் காய்ந்திருக்கவில்லை. தடுக்கப்போன எனக்குப் பளாரென்று ஓர் அறை.

“வண்டி உள்ள வரலன்னா என் பொழப்பு என்னடா ஆகும்?”

மறுநாள் ஒரு வேன் அந்த இடைவெளியில் புகுந்து, சைக்கிளில் வந்த என் அக்காவின் காலை நசுக்கியது. ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிப் போனதும், டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு மச்சானும் நானும் மிதித்தோம். அவன் வாயெல்லாம் ரத்தம்.

“என் பொண்டாட்டிடா! கண்ணு தெரியலயா நாயே?” என்று அலறினார் மச்சான்.

“உங்க கடைக்குத்தாண்ணே டயர் மாத்த வந்தேன். இங்க மட்டுந்தான் வழி விட்டிருந்துச்சு.”

அவன் சட்டையை விட்டுவிட்டு, மச்சான் சட்டையைப் பிடித்தேன்.