இன்னும் இரண்டு நம்பர்

என் மகள் லோகேஸ்வரி பெரிய மனுஷியானது பதிமூன்று வயதில். அன்றிலிருந்து மாதம் இரண்டு நாள் சமையலறைச் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடப்பாள். துண்டைக் கடித்துக்கொள்வாள். வாந்தி எடுப்பாள். நான் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

“எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான். நான் வயித்துல துணியக் கட்டிக்கிட்டு உரம் போடலையா?”

பொய் இல்லை. எங்கள் செம்பனைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது வயிற்றுவலி என்று சொன்னால் வேலை வாங்குகிற மண்டோர் சிரிப்பார். ஆம்பளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பொம்பளைகள் யாரும் சொல்ல மாட்டோம். வலியைச் சொல்லாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்திலேயே மயங்கி விழுந்தாள். டீச்சர் ஒரு கடிதம் கொடுத்து, “இது சும்மா வலி இல்லம்மா, இன்னைக்கே கிளினிக்குக் கொண்டு போங்க” என்றார். பள்ளி உடுப்போடு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கிளினிக்கில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அந்த இடம் தாய் சேய் பகுதியில்தான் இருந்தது. சுற்றிலும் வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள். நடுவில் பினஃபோர் போட்ட என் மகள், கையில் நம்பர் சீட்டு.

அப்போது எங்கள் லயத்து வரிசை வீட்டு நாகமணி அக்கா மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மருமகளுக்கு ஏழு மாதம்.

“என்ன தங்கச்சி, இந்தப் பக்கம்?”

“சும்மாக்கா. சர்க்கரை பாக்க வந்தேன்.”

“சர்க்கரைக்கு முன்னாடி கட்டடம்லா. இங்க வயித்துல புள்ள இருக்கறவங்கதான் உக்காருவாங்க.” சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு முடிவதற்குள் கண் லோகாவின் வயிற்றுக்குப் போய் வந்தது.

சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க என்ன பேச்சு ஓடும் என்று எனக்குத் தெரியும். எழுந்து அவள் கையைப் பிடித்தேன்.

“மா, இன்னும் ரெண்டு நம்பர்தான்.”

“வா, போவோம். வேற கிளினிக்கு போய்க்கலாம்.”

“மா, முடியலம்மா.”

இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழி நெடுக என் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி வந்தாள். அழவில்லை. வேறு கிளினிக்குக்கு நாங்கள் போகவே இல்லை. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பதினேழு வயதில், பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, குளியலறையில் விழுந்து கிடந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். இடது பக்கச் சினைப்பையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மா கட்டில் பக்கம் வந்து தமிழிலேயே சொன்னார். கர்ப்பப்பைக்குள் இருக்கிற மாதிரியான சவ்வு வெளியிலும் வளர்கிறதாம். மாதாமாதம் அதிலும் ரத்தம் கசிந்து, கட்டியாகி, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறதாம். எண்டோமெட்ரியோசிஸ் என்று பேர். முழுக்கக் குணமாகாது, ஆனால் முன்னாலேயே பார்த்திருந்தால் மருந்திலேயே அடக்கி வைத்திருக்க முடிந்திருக்கும் என்றார்.

“இத்தனை வருஷமா வலி இருந்திருக்குமே. இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் காட்டினீங்களா?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“நான் அம்மாகிட்ட சொல்லவே இல்ல டாக்டர்” என்றாள் லோகா.

“ஏம்மா? அம்மாகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவ?”

“சாரி டாக்டர்.”

இல்லை, சொன்னாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் காலடியில் கசங்காத போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றேன். டாக்டரம்மா போன பிறகுதான் வாய் வந்தது.

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“உன்னைத் திட்டுவாங்கல்லமா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் சொல்லவே இல்லை என்பதைத்தான் டாக்டரம்மா ஃபைலில் எழுதிக்கொண்டு போயிருந்தார்.