மணியைக் கழற்றிய சைக்கிள்

சுவிஸிலிருக்கும் அக்கா கைக்கடக்கமான வீடியோ கமரா ஒன்றை அனுப்பியிருந்தாள். நாட்டில் சண்டையும் முடிந்துவிட்டது, கடற்கரை வீதியையும் அம்மாவின் வீட்டு வளவையும் படம்பிடித்து அனுப்பு என்றாள். மேனுகாவும் 'ஓம்' என்றுவிட்டாள். சுனாமி அம்மாவையும் வீட்டையும் கொண்டுபோன பிறகு அந்த வீதியில் தான் கால் வைத்ததே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. தேற்றாத்தீவில் இருந்துகொண்டே கடலைப் பார்க்காமல் வாழலாம். வாவிப் பக்கம் குடியேறினால் போதும்.

கமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பாதியில் நின்றுவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். சைக்கிளென்றால் கால் தன்பாட்டில் மிதிக்கும்.

"கமராவச் சைக்கிள்ல பூட்டக் கடையில ஸ்டாண்ட் விக்கிறானாம்," என்றான் கணவன் அழகரத்தினம்.

"அந்தக் காசுக்கு இன்னொரு சைக்கிள் வாங்கலாம். நீங்க ஹாண்டிலப் பிடிங்க."

மணியைக் கழற்றினாள். அது பூட்டியிருந்த வளையத்தின் மேல் துளையிட்ட தகரத்துண்டை இறுக்கி, கமராவின் அடித்துளைக்குப் பொருந்திய திருகாணியைக் கீழிருந்து முறுக்கினாள். வீட்டுமுன் ஒழுங்கையில் சைக்கிளை ஓடிப் பார்த்தபோது படத்தில் வேலிகளெல்லாம் சாமி வந்ததுபோல் உருவந்து ஆடின.

"இதப் பாத்தா உன்ட அக்காவுக்குத் தலை சுத்திச் சத்திதான் வரும்," என்று அழகரத்தினம் சிரித்தான்.

அறுந்த செருப்பை வெட்டித் தகரத்துக்குக் கீழே வைத்தாள். பழைய டியூபைக் கிழித்து இறுகச் சுற்றினாள். ஆட்டம் அடங்கியது.

காலையில் புறப்பட்டாள். கடலின் இரைச்சல் காதில் விழுந்ததும் மிதிப்பதை மெதுவாக்கினாள். திரும்பிவிடலாமா என்று நினைக்கும்போதே வீதியை மறித்து ஆடுகள். விரல் மணியைத் தேடியது; மணி இல்லை.

"சூ! தள்ளு, சனியனே!"

பிறகு மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர்.

"அண்ணன், விலகுங்க, பெல் இல்ல!"

"பெல் என்னத்துக்குப் புள்ள, தொண்டை கிடக்கே!"

அவருக்குப் பின்னால் மறுபடியும் ஆடுகள். இப்படியே கத்திக் கத்தி வீதி முடிந்துவிட்டது. பெரிய வீதியால் வீட்டுக்குத் திரும்பினாள். வளவைப் பார்த்த ஞாபகமே இல்லை.

இருவரும் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். கடல் ஒரு பக்கம் நீலமாக வந்துகொண்டிருந்தது. அதன் இரைச்சலை மேவி அவளுடைய குரல். திடீரென்று அம்மாவின் கிணற்றுக்கட்டு, பக்கத்தில் சாய்ந்த தென்னை. "எருமையே, நீ ஆடா?" என்று படத்துக்குள்ளிருந்து அவள் கத்த, கிணறு மெல்லக் கடந்து போயிற்று.

அழுகை வருமென்று மேனுகா காத்திருந்தாள். சிரிப்புத்தான் வந்தது. அம்மாவும் ஆடுகளை இப்படித்தான் ஏசுவாள். இத்தனை காலமும் அந்த இடத்தை நினைத்தால் தண்ணீர் மட்டுமே வந்தது; அம்மாவின் வாய் ஞாபகத்துக்கு வந்ததேயில்லை.

"சத்தத்த அழிச்சிப்போட்டு அனுப்புவமா?" என்று கேட்டான் அழகரத்தினம்.

"விடுங்க, அக்கா கேக்கட்டும். நான் நாளைக்கும் போகப்போறன். கிணத்தடியில கொஞ்சம் இருக்கணும்."

"கமராவோடயா?"

"இல்ல, சும்மா."